நிலவறைத் தேடற் பனுவல்களைத் தெரிவு செய்தல்: போட்டி மரபும் தொடராட்ட மரபும்

முன்னுரை

ஒரு பனுவலை வாசிப்பதற்காகத் தெரிவு செய்வது வேறு. நிகழ்த்துவதற்காகத் தெரிவு செய்வது வேறு. நாடகப் பிரதிகளைப் பொறுத்தவரை இவ்வேறுபாட்டை நாம் எளிதில் ஏற்கிறோம். ஆனால், மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, வாய்மொழியாலேயே கதையை நடத்திச் செல்லும் ஆட்டங்களுக்கென எழுதப்பட்ட பனுவல்களை மதிப்பிடுவோர் இதனைப் பெரும்பாலும் கருத்திற் கொள்வதில்லை. வாசிக்கச் சுவையானது எதுவோ, புகழ் பெற்றது எதுவோ, அதுவே ஆடுவதற்கும் சிறந்தது என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது.

இவ்வாட்டங்களுள் மிகப் பழமையானதும் இன்றளவும் செல்வாக்கு இழவாததுமான வகை, அமெரிக்காவில் தோன்றிய நிலவறைத் தேடல் ஆகும். இவ்வகையில் தலைசிறந்தவை எனப் பட்டியலிடப்பட்ட பனுவல்கள் பல உள. அப்பட்டியல்களை அப்படியே ஏற்று, நீண்டதொரு தொடராட்டத்துக்குரிய பனுவலைத் தெரிவு செய்தல் தகுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தகாது என்பதும், அதற்கான காரணம் அப்பனுவல்களின் பிறப்பு வரலாற்றிலேயே அடங்கியுள்ளது என்பதும் எமது கருத்தாகும்.

இது சிறிய வினாவன்று. தொடராட்டம் என்பது ஐந்தாறு பேர் பல மாதங்கள், சிலபோது பல ஆண்டுகள், தவறாது கூடி நடத்துவது. ஒரே பாத்திரத்தை அவ்வளவு காலம் பேணி வளர்த்தவருக்கு அதன் இழப்பு பொருட்படுத்தத்தக்க இழப்பே. தெரிவு பிழைத்தால் வீணாவது ஒரு மாலைப்பொழுது மட்டுமன்று. அக்குழு மீண்டும் கூடுவதற்கான விருப்பமே குலைந்துவிடக் கூடும்.

பனுவலின் இயல்பு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டம் 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் ஆக்கமாக டி.எஸ்.ஆர். நிறுவனத்தின்வழி வெளிவந்தது. இதில் ஒருவர் ஆட்ட நடத்துநராக அமர்வார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தின் பொறுப்பை ஏற்பர். பாத்திரங்கள் காண்பதையும் கேட்பதையும் நடத்துநர் விவரிப்பார். ஆடுவோர் தாம் செய்ய விழைவதைக் கூறுவர். விளைவு ஐயத்துக்குரியதாயின் பகடை அதனை முடிவு செய்யும். பாத்திரங்கள் பாழடைந்த கோட்டையின் அடித்தளத்திலோ கல்லறையிலோ குகைத்தொடரிலோ இறங்கி, அறை அறையாகத் துருவிச் செல்லும் ஆட்டமே நிலவறைத் தேடல். இதற்கென எழுதப்படும் பனுவல் ஒரு வரைபடத்தையும், அவ்வரைபடத்தில் எண்ணிடப்பட்ட அறைகளுக்கான குறிப்புகளையும் கொண்டது. நடத்துநர் மட்டுமே அதனை வாசிப்பார், ஆடுவோர் வாசிப்பதில்லை.

தமிழ் ஆய்வாளர்க்கு நன்கு பழக்கமான முதல், கரு, உரி என்னும் பகுப்பு இப்பனுவல்களின் இயல்பை விளக்கப் பெரிதும் பயன்படுகிறது. இடமும் காலமும் முதற்பொருள். அவ்விடத்து வாழ்வனவும் கிடைப்பனவும் கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். செய்யுளில் இம்மூன்றையும் புலவரே அமைக்கிறார். நிலவறைப் பனுவலிலோ முதலையும் கருவையும் மட்டுமே ஆசிரியர் எழுதுகிறார். உரிப்பொருளை ஆடுவோர் தம் செயலால் நிரப்புகின்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்பது எமது கூற்றன்று. அளவுகோலாகவே இப்பகுப்பை இங்குக் கையாளுகிறோம். ஆடுவோர் எதைச் செய்தாலும் அச்செயலுக்குப் பொருளும் விளைவும் உண்டாகுமாறு இடத்தையும் காலத்தையும் குடிகளையும் செறிவாக அமைத்த பனுவலே சிறந்தது. உரிப்பொருளையும் தானே எழுதி முடித்துவிட்ட பனுவல், வாசிக்க எத்துணை இனியதாயினும், தொடராட்டத்துக்கு உகந்ததன்று. இவ்வளவுகோலைக் கொண்டு புகழ்பெற்ற பனுவல்களை அணுகுவோம்.

போட்டி மேடையிற் பிறந்தவை

2004இல், ஆட்டம் தோன்றி முப்பதாண்டு நிறைவுற்றதை ஒட்டி, டஞ்சன் என்னும் இதழ் தலைசிறந்த 30 பனுவல்களைத் தெரிவு செய்து வெளியிட்டது. முதலிடம் பெற்றது, கைகாக்ஸ் 1978இல் எழுதிய அரக்கர் வரிசையையும் அதன் தொடர்ச்சிகளையும் ஒன்றாகத் தொகுத்து 1986இல் வெளிவந்த குவீன் ஆஃப் த ஸ்பைடர்ஸ். மூன்றாமிடம் பெற்றது, அவரே எழுதிய டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்னும் கல்லறைப் பனுவல். இவற்றுக்குள் ஒரு பொதுமை உண்டு. அரக்கர் வரிசையின் மூன்று பகுதிகளும் 1978ஆம் ஆண்டு ஒரிஜின்ஸ் மாநாட்டில் போட்டிக்காக ஆடப்பட்டவை. கல்லறைப் பனுவலோ 1975இல் முதலாம் ஒரிஜின்ஸ் மாநாட்டிலேயே போட்டியாக நடத்தப்பட்டு, 1978இல் அச்சேறியது. ஹரால்ட் ஜான்சனும் ஜெஃப் லீசனும் ஆக்கிய த ஹிடன் ஷ்ரைன் ஆஃப் டாமோவாச்சான் 1979ஆம் ஆண்டு ஒரிஜின்ஸ் போட்டியிலிருந்து பிறந்து, 1980இல் நூலாயிற்று.

போட்டி என்னும் சூழல் பனுவலின் உறுப்புகள் அனைத்தையும் வடிவமைத்துவிடுகிறது. பல குழுக்கள் ஒரே நேரத்தில் ஆடுகின்றன. அவற்றை ஒப்பிட்டுப் பரிசளிக்க வேண்டும். ஆகவே எல்லாக் குழுக்களும் ஏறத்தாழ ஒரே இடர்களை ஒரே வரிசையில் சந்தித்தல் வேண்டும். பாதை பல கிளைகளாகப் பிரிந்தால் ஒப்பீடு இயலாது. பாத்திரங்கள் ஆயத்த நிலையில் வழங்கப்படுகின்றன. அவற்றுக்கு முன்கதையும் இல்லை, மறுநாளும் இல்லை. எனவே பாத்திரம் மாள்வது இழப்பன்று. மதிப்பெண் குறைவு மட்டுமே. நேர வரம்பு இருப்பதால், குடிகளோடு பேசிப் பழகுவதற்கு இடமில்லை.

டூம் ஆஃப் ஹாரர்ஸ் இவற்றுக்கெல்லாம் தக்க சான்று. அதன் தொடக்க நடையின் இறுதியில் திறந்த வாயுடன் கூடிய பசுநிறப் பேய்முகம் ஒன்று சுவரில் அமைந்துள்ளது. அவ்வாய்க்குள் நுழையும் பாத்திரம் அக்கணமே இல்லாதொழியும். தப்புவதற்குப் பகடை உருட்டும் வாய்ப்பும் கிடையாது. வாட்போரை விரும்புவோர்க்கு இது ஏற்றதன்று, சிந்தித்து ஆடுவோர்க்கே உரியது என்று ஆசிரியரே நடத்துநருக்கு எச்சரிக்கிறார். ஆடுவோர்க்குக் காட்டுவதற்கென ஓவியங்கள் தனிநூலாக இணைக்கப்பட்டிருப்பது இப்பனுவலின் பெருஞ்சிறப்பு. சொல்லால் விளக்கும்போது நடத்துநர் தம்மையறியாமலே தந்துவிடும் குறிப்புகளை ஓவியம் தருவதில்லை. இச்சிறப்புகளை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இக்கல்லறையில் ஏறத்தாழ எல்லாச் செயல்களுக்கும் சரியான விடை ஒன்றே உண்டு; அவ்விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. உரிப்பொருள் ஆசிரியரிடமே தங்கிவிட்ட பனுவல் இது. ஒருநாள் ஆட்டத்தில், கடன்பெற்ற பாத்திரங்களைக் கொண்டு ஆடும்போது இது நிகரற்ற அனுபவம். ஈராண்டுக் காலம் வளர்த்த பாத்திரத்தை இதற்குள் அழைத்துச் செல்வதோ வகை மயக்கம்.

டாமோவாச்சானில் போட்டியின் நேர வரம்பு கதைக்குள்ளேயே செரிக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. அதன் கீழ்த்தளங்களில் நச்சுக்காற்று நிறைந்துள்ளது. அங்குத் தங்கும் நேரம் நீள நீள உடல் நலியும். மாநாட்டு மண்டபத்துக் கடிகாரம் இங்கு மூச்சுக்காற்றாகிவிடுகிறது. போட்டிப் பனுவல்களுள் தொடராட்டத்துக்கு ஓரளவேனும் பொருந்துவது இது என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

அச்சேறாத மூல மரபு

இவ்வாட்டத்தை உருவாக்கியோர் தம் இல்லங்களில் ஆடியது இத்தகைய பனுவல்களை அன்று. மின்னசோட்டா மாநிலத்தில் ஆர்னெசன் நடத்திய பிளாக்மூர் தொடராட்டமும், விஸ்கான்சின் மாநிலத்து ஜெனீவா ஏரி நகரில் கைகாக்ஸ் நடத்திய கிரேஹாக் கோட்டை ஆட்டமும், தளத்தின்கீழ்த் தளமாக விரியும் பெருநிலவறைகளை மையமாகக் கொண்டவை. ஆடுவோர் மீண்டும் மீண்டும் அதே நிலவறைக்குள் இறங்கினர். இயன்றதைக் கொணர்ந்து மேலேறினர். மறுமுறை வேறொரு வழியை நாடினர். அவர்கள் இல்லாத வேளையில் நிலவறையும் மாறியது. இப்பெருநிலவறையைக் கைகாக்ஸ் தாம் நடத்திய வடிவில் முழுமையாக அச்சிடவேயில்லை. நடத்துநரின் கைக்குறிப்புகளையும் நினைவையும் சார்ந்து நாள்தோறும் வளர்ந்த ஒன்றை நூலாக்குவது எளிதன்று. போட்டிப் பனுவலோ முன்பே எழுதி முடிக்கப்பட்டது. பல நடத்துநர்களின் கைகளில் ஒரே விதமாக இயங்க வேண்டும் என்பதற்காகத் தெளிவாக எழுதப்பட்டது. எனவே எளிதில் அச்சேறியது.

இதன் விளைவு பெரிது. ஆட்டத்தின் உயிர்நாடியாக விளங்கிய வழக்கம் வாய்மொழியிலேயே தங்கிவிட, அதன் விதிவிலக்காகிய போட்டி வடிவம் அச்சின் வலிமையால் இலக்கணமாகிவிட்டது. அடுத்த தலைமுறையினர் நிலவறை என்றால் இதுதான் என்று கற்றுக்கொண்டனர். தலைசிறந்தவை எனத் தொகுக்கப்பட்ட பட்டியல்கள் இம்மயக்கத்தைத் தொடர்ந்து பேணி வருகின்றன. வாய்மொழி மரபுக்கும் ஏட்டு மரபுக்கும் இடையிலான உறவை ஆராய்வோர்க்கு இது புதிய செய்தியன்று. எது எழுதப்பட்டதோ அதுவே மரபு எனக் கொள்ளப்படும் நிலை பல மொழிகளிலும் காணப்படுவதே.

எனினும் தொடராட்ட மரபைச் சார்ந்த பனுவல்கள் அச்சில் அறவே இல்லாமற் போகவில்லை. 1970களின் இறுதியில் மைக் கார் எழுதிய இன் சர்ச் ஆஃப் த அன்னோன் என்னும் தொடக்கநிலைப் பனுவல், அறைகளை விவரித்துவிட்டு, அவற்றில் எவ்வுயிர் வாழ்கிறது, எப்பொருள் கிடக்கிறது என்பதை நிரப்பும் பணியை நடத்துநரிடமே விட்டது. கருப்பொருளையும் வெற்றிடமாக விட்டுக் கற்பித்த பயிற்சி நூல் அது. அடுத்து நாம் விரிவாகக் காணவிருக்கும் இரண்டும் 1979இல் வெளிவந்தவை.

பாதை: மரமும் வலையும்

தெரிவு செய்வோர் முதலில் நோக்க வேண்டியது வரைபடத்தை. லாரன்ஸ் ஷிக் எழுதி 1979இல் வெளிவந்த ஒயிட் புளூம் மவுண்டன் மிகுந்த புகழ் வாய்ந்தது. எரிமலைக்குள் மறைத்து வைக்கப்பட்ட மூன்று மாயப் படைக்கலங்களை மீட்பதே அதன் பொருள். ஒற்றை வாயிலிலிருந்து பாதை மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் முனையிலும் ஒரு படைக்கலம் உண்டு. எந்தக் கிளையில் முதலில் செல்வது என்பதைத் தவிர ஆடுவோர்க்கு வேறு தெரிவு இல்லை; கிளைக்குள் நுழைந்துவிட்டால் வரிசையாக வரும் விந்தைகளை ஒவ்வொன்றாகக் கடத்தல் வேண்டும். அவ்விந்தைகள் ஒவ்வொன்றும் சுவையானவை. ஆயின் ஒன்றற்கொன்று தொடர்பில்லாதவை. இது மர வடிவம்.

ஜெனெல் ஜாக்வேஸ் எழுதி ஜட்ஜஸ் கில்ட் நிறுவனம் 1979இல் வெளியிட்ட கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியாவின் வரைபடம் வலை வடிவினது. மேற்பரப்பில் உள்ள இடிபாடுகளிலிருந்து முதல் தளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் உள்ளன. அத்தளத்திலிருந்து கீழிறங்க வெளிப்படையான வழிகள் சில. மறைவான வழிகள் அவற்றினும் பல. பாதைகள் வளைந்து தம்மையே வந்து சேர்கின்றன. இதனால் நிகழும் மாற்றம் அடிப்படையானது. ஓர் அறையில் வலிய பகை இருப்பதை உணர்ந்த குழு, வேறு வழியாகச் சுற்றிச் செல்லலாம். துரத்தப்படும்போது அறிந்த வளைவொன்றில் திரும்பிப் பின்பக்கமாக வந்து தாக்கலாம். கீழ்த்தளத்துக்குத் தற்செயலாக இறங்கிவிட்டு, தாம் எங்கிருக்கிறோம் என்று திகைக்கவும் செய்யலாம். ஆடுவோர் வரையும் படம் அவர்களுடைய அறிவின் பதிவேடாகிறது; அடுத்தமுறை இறங்கும்போது அவ்வறிவே அவர்களுடைய படைக்கலம். 2010இல் ஜஸ்டின் அலெக்சாண்டர் இவ்வமைப்பின் நுட்பங்களை விரிவாக ஆராய்ந்து எழுதிய பின்னரே இப்பனுவல் உரிய கவனத்தைப் பரவலாகப் பெற்றது எனலாம். ஜாக்வேஸ் 2024இல் காலமானார்.

ஒரு பனுவலை வாங்குமுன்போ ஆடத் தொடங்குமுன்போ எளிய ஆய்வு ஒன்றைச் செய்து பார்க்கலாம். அறைகளைப் புள்ளிகளாகவும் வழிகளைக் கோடுகளாகவும் ஒரு தாளில் வரைக. பின்னர் ஏதேனும் ஒரு புள்ளியை நீக்கிப் பார்க்க. எஞ்சிய படம் இரு துண்டாகிவிடுமானால், அவ்வறை தவிர்க்கவியலாத அறை. இத்தகைய அறைகள் மிகுந்திருப்பின் அப்பனுவல், எத்துணை அழகிய வரைபடத்தைக் கொண்டிருப்பினும், ஒற்றைக் கோடே.

காலமும் விதியும்

முதற்பொருளின் மற்றொரு கூறு காலம். தெரிவுகள் பல இருந்தும், எல்லாவற்றையும் எவ்வித இழப்புமின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்க்க முடியுமாயின் அத்தெரிவுகளுக்குப் பொருளில்லை. பழைய விதிநூல்கள் இதனைத் தெளிவாக உணர்ந்திருந்தன. டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டுத் தொடக்கநிலை விதிகளின்படி, நிலவறைக்குள் காலம் பத்து நிமிடச் சுற்றுகளாக எண்ணப்படும். ஒரு தீப்பந்தம் ஆறு சுற்றுகள் எரியும். இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை நடத்துநர் அறுமுகப் பகடையை உருட்டுவார். ஒன்று விழுந்தால் திரியும் உயிரினம் ஏதேனும் எதிர்ப்படும். சுவரைத் தட்டிப் பார்த்து நிற்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதே இதன் கருத்து.

இவ்விதிகளுள் நமது ஆய்வுக்கு மிக இன்றியமையாதது அனுபவப் புள்ளி முறை. கைப்பற்றி வெளிக்கொணரும் பொற்காசு ஒன்றுக்குப் புள்ளி ஒன்று. ஓர்க் எனப்படும் எளிய பகைவன் ஒருவனை வென்றால் கிடைப்பது 10 புள்ளி. வீரன் ஒருவன் இரண்டாம் படிநிலையை எட்ட 2,000 புள்ளி தேவை. போரால் மட்டுமே உயர விழைந்தால், தனியொருவன் 200 ஓர்க்குகளை வெல்ல வேண்டும். ஆறு பேர் பகிர்ந்துகொண்டால் 1,200. முதற்படி வீரனோ இரண்டொரு வெட்டுகளில் மாளக்கூடியவன். ஆகவே, இவ்விதிகளின்கீழ்ப் போர் என்பது இலாபமற்ற வணிகம். ஒளிந்து செல்வதும், பேரம் பேசுவதும், ஏமாற்றுவதும், ஓடுவதுமே அறிவுடைமை.

2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு பொன்னுக்குப் புள்ளி தரும் முறையைக் கைவிட்டு, எதிர்ப்படும் இடர்களை வெல்வதற்கே புள்ளி என அமைத்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் ஆடுவோர் ஏற்கத்தக்க இனங்கள் பலவும் இருளிற் காணும் திறன் பெற்றவை. ஒளியுண்டாக்கும் மந்திரமும் வேண்டியபோதெல்லாம் செலவின்றிக் கிடைப்பது. தீப்பந்தம் எண்ணும் தேவை இல்லாதொழிந்தது. இம்மாற்றங்கள் குறைகள் அல்ல. வேறு வகைக் கதைகளுக்கு அவை இடமளித்தன. ஆயினும் 1979இல் எழுதப்பட்ட பனுவலைப் பிற்கால விதிகளைக் கொண்டு ஆடுவோர், இலக்கியம் ஒரு காலத்தது, இலக்கணம் மற்றொரு காலத்தது என்னும் முரணை உணர்தல் வேண்டும். 2023இல் கெல்சி டியான் வெளியிட்ட ஷேடோடார்க், தீப்பந்தம் மேசையில் உண்மையான ஒரு மணி நேரம் எரியும் என்று விதித்தது, காலத்தின் விலையை மீட்டெடுக்கும் முயற்சியே.

குடிகளும் அறவினாவும்

கருப்பொருளுள் தலையாயது நிலவறையில் வாழ்வோர். கைகாக்ஸ் எழுதிய த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ் 1979இல் வெளிவந்து, தொடக்கநிலைப் பெட்டியில் இணைக்கப்பட்டதால் மிகப் பரவலாக ஆடப்பட்டது. எல்லைப்புறத்துக் கோட்டை ஒன்று. அதற்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு. அதன் இருமருங்கிலும் பதினொரு குகைகள். கோபால்ட், ஓர்க், காப்ளின் முதலிய கற்பனை இனங்கள் அங்கே தனித்தனிக் குடிகளாக வாழ்கின்றன. அவற்றிடையே பகையும் உண்டு, உடன்பாடும் உண்டு. காப்ளின்கள் தாக்கப்பட்டால், பக்கத்துக் குகையில் வாழும் ஓகர் என்னும் பேருருவனுக்குப் பொற்காசுப் பை ஒன்றை எறிந்து துணைக்கு அழைப்பர். அதே ஓகரை ஆடுவோரும் விலைக்கு வாங்கலாம். குடிகளை ஒன்றுக்கொன்று மோதவிட்டுப் பயன்பெறும் வழியையும் பனுவலே சுட்டுகிறது. தொடராட்டத்துக்கு வேண்டிய செறிவு இங்குள்ளது.

ஆயினும் இப்பனுவல் நம்மைத் தயங்க வைக்கிறது. குகைகள் பலவற்றில் போரிடாத பெண்களும் குட்டிகளும் எண்ணிக்கையோடு பட்டியலிடப்பட்டுள்ளனர். அவர்களை என்செய்வது என்ற வினாவைப் பனுவல் எழுப்பிவிட்டு, விடையளிக்காமல் அகன்றுவிடுகிறது. அரண்சூழ்ந்த கோட்டைக்குள் நாகரிகம், வெளியே அழித்தற்குரிய பிற இனங்கள் என்னும் அமைப்பு, அமெரிக்க மேற்கெல்லை பற்றிய கதைகளின் சாயலைக் கொண்டது என்பதை எவரும் எளிதில் உணரலாம். குடியேற்ற ஆட்சியின் வரலாற்றை அறிந்த வாசகர் இதனை வெறும் பொழுதுபோக்கு எனக் கடந்து செல்லல் அரிது. இவ்வாட்டத்தை இன்று வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமும் 2020இல், ஓர்க் முதலிய இனங்களைப் பிறவியிலேயே தீயவர்களாகச் சித்திரித்ததைத் திருத்தப்போவதாக அறிவித்தது.

இப்பனுவலை விலக்கிவிடுவதா என்றால், வேண்டுவதில்லை என்பதே எமது நிலைப்பாடு. மேலே காட்டிய கணக்கை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். பொன்னுக்குப் புள்ளி என்னும் விதியின்கீழ் இப்பள்ளத்தாக்கு தூதும் சூதும் களவும் நிகழும் களம். வெல்வதற்கே புள்ளி என்னும் விதியின்கீழ் அதே பள்ளத்தாக்கு, குகை குகையாகக் குடிகளை அழித்துச் செல்லும் களமாகிவிடுகிறது. பனுவலில் ஒரு சொல்லும் மாறவில்லை, அறம் மாறிவிடுகிறது. ஆகவே அறவினாவுக்கான விடையின் ஒரு பாதி, தெரிவு செய்யப்படும் விதியில் உள்ளது. மறுபாதி, அக்குடிகளுக்குப் பெயரும் நோக்கமும் குரலும் அளிக்கும் நடத்துநரின் கையில் உள்ளது. 2025இல் வெளிவந்த தொடக்கநிலைப் பெட்டியும் இதே எல்லைப்புறத்தைக் களமாகக் கொண்டிருப்பதால், இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை.

புரூஸ் கோர்டெல் எழுதி 2000இல், மூன்றாம் பதிப்பின் முதற்பனுவலாக வெளிவந்த த சன்லெஸ் சிட்டடல் இவ்வகையில் ஒரு முன்னேற்றம். மண்ணுக்குள் புதைந்த கோட்டையில் கோபால்ட்களும் காப்ளின்களும் இடத்துக்காகப் பொருதுகின்றனர். தொடக்கத்திலேயே ஆடுவோர் சந்திப்பது, பொறுப்பில் விடப்பட்ட நாகக்குட்டி களவு போனமையால் அழுதுகொண்டிருக்கும் மீப்போ என்னும் கோபால்ட். வாளை உருவுவதா, ஏன் அழுகிறாய் என்று கேட்பதா என்பதே ஆடுவோர் செய்யும் முதற் பெருந்தெரிவு. வரைபடத்தில் திரேசியாவின் செறிவு இதற்கில்லை; ஆயின் பகைவனுக்கு ஒரு துயரத்தை அளித்ததாலேயே இது நிலைபெற்றது.

தீங்கும் முன்குறிப்பும்

நிலவறையில் சாவு இருத்தல் தவறன்று. சாவில்லாத நிலவறையில் அச்சமுமில்லை. ஆனால் அச்சாவு முன்குறிப்போடு வருதல் வேண்டும். இறந்த பாத்திரத்தை ஆடியவர், "நான் கவனித்திருக்க வேண்டும்" என்று சொல்லும் நிலையே நியாயமான சாவின் அடையாளம். ஸ்கெர்ப்பிள்ஸ் என்னும் புனைபெயரில் 2017இல் வெளிவந்த டூம் ஆஃப் த சர்ப்பென்ட் கிங்ஸ் இவ்வகையில் தமிழாசிரியர்களின் கவனத்துக்குரியது. ஆட்டத்துக்குப் புதியவர்களுக்குக் கற்பிப்பதையே நோக்கமாகக் கொண்ட இப்பனுவலில், அறைக் குறிப்புகளோடு, அவ்வறை கற்பிக்கும் பாடமும் நடத்துநருக்கு எழுதப்பட்டுள்ளது. முதலில் எதிர்ப்படுவது பொய்க்கல்லறை. உண்மைக் கல்லறை அதற்குக் கீழே உள்ளது. மேலே சிறு விலை கொடுத்துக் கற்றதைக் கீழே பெரும் இடரில் பயன்படுத்த வேண்டும். எளிமையிலிருந்து அருமைக்கு என்னும் கற்பித்தல் நெறி இங்குக் கல்லிலும் பொறியிலும் அமைந்துள்ளது. கைகாக்ஸின் கல்லறை தேர்வுத்தாள், இது பாடநூல்.

தெரிவு முறை

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், நிலவறைத் தேடலை மையமாகக் கொண்ட தொடராட்டம் ஒன்றைத் தொடங்குவோர்க்கு நாம் பரிந்துரைக்கும் வரிசை இது. புதியவர்கள் மிகுந்த குழுவாயின் சர்ப்பென்ட் கிங்ஸில் தொடங்குக. இரண்டு மூன்று அமர்வுகளில் ஆட்டத்தின் நெறி கைவரும். குடிகளோடு உறவாடும் பழக்கத்தை ஊட்ட சன்லெஸ் சிட்டடல் உதவும். அதன்பின் எல்லைப்புறக் கோட்டையைக் குடிகளின் பெயர்களும் உறவுகளும் நிரப்பப்பட்ட வடிவில், பொன்னுக்குப் புள்ளி தரும் விதியோடு ஆடலாம். தொடராட்டத்தின் நடுப்பகுதியை, நீண்ட காலம் மீண்டும் மீண்டும் இறங்கத்தக்க திரேசியாவுக்கு ஒதுக்குதல் தகும். டாமோவாச்சானையும் ஒயிட் புளூம் மவுண்டனையும் இடையிடையே தனி நிகழ்வாக அமைத்துக்கொள்ளலாம். டூம் ஆஃப் ஹாரர்ஸைத் தொடராட்டத்துக்கு வெளியே, ஆயத்த பாத்திரங்களைக் கொண்டு, அது பிறந்த முறையிலேயே ஆடுக. அதுவே அப்பனுவலுக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

இவ்வரிசை எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும் என்பதில்லை. புதிர்களை மட்டுமே விரும்பும் குழுவும், மாதம் ஒருமுறை மட்டுமே கூடக்கூடிய குழுவும் வேறு தெரிவுகளை நாட நேரும். மாதம் ஒருமுறை கூடுவோர்க்கு வலை வடிவப் பெருநிலவறை சுமையாகலாம். சென்றமுறை வரைந்த படமே நினைவில் நில்லாது. அவர்க்குக் கிளை வடிவமே ஏற்றது. ஆடுவோர் யார், எத்துணைக் காலம் உண்டு என்பவற்றை அறிந்த பின்னரே பனுவலைத் தெரிவு செய்தல் முறை.

முடிவுரை

நிலவறைத் தேடற் பனுவல்களின் புகழ்வரிசை பெரிதும் போட்டி மேடையில் உருவானது என்பதையும், தொடராட்டத்தின் தேவைகள் அதனின்று வேறுபட்டவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டியது. பாதை வலையாக உள்ளதா, காலத்துக்கு விலை உண்டா, குடிகளுக்குத் தம்முள் உறவும் ஆடுவோரோடு பேச வாயும் உண்டா, தீங்குக்கு முன்குறிப்பு உண்டா ஆகிய நான்கு வினாக்களே தெரிவுக்கு அடிப்படையாதல் வேண்டும். ஐந்தாவதாக, எவ்விதிநூலைக் கொண்டு ஆடவிருக்கிறோம் என்பதையும் வினவுதல் வேண்டும். விதி மாறினால் பனுவலின் அறமும் மாறும்.

எழுதப்படாத உரிப்பொருளுக்கு இடம் விட்டு எழுதுதல் அருங்கலை. அக்கலையை மதிப்பிட, அறைக் குறிப்புகளின் நடையழகை மட்டும் நோக்கினால் போதாது. ஆடி முடித்த குழுவினர் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். ஆசிரியர் அமைத்த விந்தைகளை மட்டுமே அவர்கள் நினைவுகூர்ந்தால் அது நல்ல காட்சி. தாம் எடுத்த முடிவுகளை நினைவுகூர்ந்தால், தெரிவு சரியாக அமைந்தது எனக் கொள்ளலாம்.